ஈரக் குழாயும் நாடிப் பட்டியும்: மூச்சு இயந்திரத்தோடு திருகோணமலைக்கு

போன ஆடி மாதம் என் மனைவி பவளத்தின் தங்கை மலருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தது. மலர் இருப்பது திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவில். மகள் காலையில் வேலைக்குப் போய்விட்டால் மாலை வரை தனியாகக் கட்டிலில் கிடக்கவேண்டும். "அக்கா ஒரு பத்து நாள் வந்து நிண்டால் போதும்" என்று தொலைபேசியில் சொன்னாள். பவளம் உடனே ஓம் என்று சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் இந்தப் பயணத்துக்குக் காரணம்.

எனக்கு நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் நோய் இருக்கிறது. அதற்காக இரவில் சீபாப் இயந்திரம் மாட்டிப் படுக்கிறேன். மூக்கை மூடும் முகமூடி வழியாக அது காற்றை அழுத்தி அனுப்பும். காற்று மூக்கைக் காயவைக்காமல் இருக்க, இயந்திரத்தில் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டியும் அதைச் சூடாக்கும் தட்டும் உண்டு. என் கஷ்டம் என்னவென்றால், நித்திரையில் எனக்கு வாய் திறந்துவிடும். மூக்கால் போகும் காற்று வாயால் வெளியேறும். நாக்கு மரத்துண்டு போலக் காய்ந்துவிடும். விடியப்புறம் என்னை அறியாமலே முகமூடியைக் கழற்றி எறிந்துவிடுவேன். பிறகு குறட்டை, அதற்குப் பிறகு மூச்சு நிற்பது. பவளம் எழும்பி மறுபடி மாட்டிவிடுவாள். இரண்டு வருடமாக அவளுக்கு அரை நித்திரைதான். மகன் கனடாவில். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அவள் பத்து நாள் இல்லாவிட்டால் மாட்டிவிட ஆள் கிடையாது.

வாய் திறக்காமல் இருக்க ஒரு பட்டியும் தந்திருந்தார்கள். நாடிக்குக் கீழே ஏந்தி, கன்னங்கள் வழியாக உச்சந்தலைக்குக் கொண்டுபோய் ஒட்டும் துணிப் பட்டி. முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு நான் கட்டிலில் நிமிர்ந்து படுத்திருந்தபோது பவளம் அறைக்குள் வந்தாள். "அதைக் கழட்டுங்கோ" என்றாள். காரணம் சொல்லவில்லை. அப்படி நாடியைச் சேர்த்துத் தலையோடு கட்டுவது எங்கள் வீடுகளில் எப்போது, யாருக்கு என்பது எனக்குத் தெரியும். நானும் கேட்கவில்லை. அடுத்த நாள் பட்டி அலுமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. அதற்குப் பதிலாக நான் தண்ணீர்த் தொட்டியின் சூட்டை ஒவ்வொரு படியாகக் கூட்டி, உச்சத்தில் வைத்துப் படுக்கப் பழகினேன். காய்ச்சல் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. (காய்ச்சல் என்று இங்கே நான் சொல்வது தொண்டை காய்வதை.)

கடைசியில் பவளம் ஒரு வழி சொன்னாள். "ரெண்டு பேரும் போவம். டவுணிலை ஒரு அறை எடுப்பம். கழட்டாமல் ஒரு ராவு படுத்துக் காட்டுங்கோ. நான் மலரோடை நிக்கிறன், நீங்கள் வீட்டை போங்கோ. ஏலாட்டில் ரெண்டு பேரும் திரும்பி வருவம்." மலரின் வீட்டில் இருப்பது அவளுக்கொன்று, மகளுக்கொன்று என்று இரண்டே அறை. அங்கே என்னையும் இயந்திரத்தையும் கொண்டுபோய் வைக்க எனக்குக் கூச்சம். அதனால் மூன்று இரவுக்கு நகரில் அறை பதிவு செய்தோம்.

இயந்திரத்தோடு பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: புறப்படும் முன் தொட்டித் தண்ணீரை முழுவதும் ஊற்றிவிடுங்கள். மறந்தால் பஸ் குலுங்கும்போது தண்ணீர் இயந்திரத்தின் உள்ளே போய்விடும். நான் மூன்று முறை திறந்து பார்த்தேன். பிறகும் சந்தேகமாக இருந்தது. மருந்துக்கடையில் வாங்கிய காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு லீற்றரும், ஐந்து மீற்றர் நீட்டிப்பு வயரும் தனிப் பையில் வைத்தேன்.

வவுனியாவிலிருந்து காலை ஆறரைக்குப் பஸ். ஹொரவப்பொத்தானை வழியாகக் கிட்டத்தட்ட நூறு கிலோமீற்றர். ரிக்கற் ஆளுக்கு நானூறு ரூபாய்க்குள். இயந்திரப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். நடத்துநர் இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஐயா, அந்தப் பெட்டியை மேலை வைக்கலாமே?"

"ஏலாது தம்பி. அது மூச்சு விடுகிற மெசின்."

"நாங்கள் எல்லாரும் மெசின் இல்லாமல்தானே ஐயா விடுறம்."

பவளம் ஜன்னல் பக்கமிருந்து சொன்னாள்: "இவர் பகலிலை நல்லா விடுவார் தம்பி. ராவிலைதான் லீவு."

பின் இருக்கைக்காரரும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்பதரைக்குத் திருகோணமலை. பஸ் நிலையத்து மான்கள் வாழைப்பழத் தோலுக்காக வரிசையில் நின்றன. கச்சான் காற்று தொடங்கியிருந்தது. எங்கள் பக்கம் சோளகம் என்று சொல்வதை இங்கே கச்சான் என்கிறார்கள். மேற்கிலிருந்து தரை தாண்டி வருவதால் சூடும் வறட்சியுமாக முகத்தில் அடிக்கும். பொழுது சாய்ந்ததும் கடற்காற்று வந்து சட்டையைத் தோளோடு ஒட்டவைக்கும். ஒரே நாளில் இரண்டு காலநிலை. மூக்கில் நோய் உள்ளவர்கள் இந்த மாதங்களில் இதை எதிர்பார்த்து வரவேண்டும்.

நாங்கள் தங்கியது உட்துறைமுகத்தைப் பார்த்த ஒரு சிறிய விடுதி. அறை ஒரு நாளைக்கு ஐயாயிரத்து ஐந்நூறு. விறாந்தையில் கதிரை போட்டால் துறைமுக நீரும், நங்கூரமிட்ட இழுவைப் படகுகளும், அக்கரை மலைகளும் தெரியும். நடத்துகிறவர் ரஹீம், குறிஞ்சாக்கேணிக்காரர், ஐம்பது வயதிருக்கும். குளிர்சாதனத்தை அன்றுதான் சேர்விஸ் செய்திருந்தாராம்.

"சேர், பதினெட்டில வெச்சிருக்கன். ஐஸ் மாதிரி இரிக்கும். எங்கட ரூமுக்கு வந்தவங்க போத்தாமப் படுத்ததில்ல" என்றார். அந்தப் பெருமையைக் கேட்ட பிறகு அதைக் குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரிமோட் என் தலைமாட்டிலேயே இருந்தது. அதைத் தொடுவதுகூட அவருடைய மனதை நோகச் செய்யும் என்பது போல இருந்தேன்.

அன்றிரவு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் போலச் சூட்டை உச்சத்தில் வைத்துப் படுத்தேன். கண்ணயர்ந்து கொஞ்ச நேரத்தில் குழாய்க்குள் ஹுக்கா போலக் களகள சத்தம். அடுத்த மூச்சில் மூக்குக்குள் தண்ணீர் அடித்தது. இருமிக்கொண்டு எழும்பி முகமூடியைப் பிடுங்கினேன். ஆறடிக் குழாயின் வளைவில் இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் நின்றது. நான் வேலை பார்த்தது வானிலை அவதான நிலையத்தில். உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகளைப் பார்த்துப் பனிபடுநிலை கணக்கிட்டே முடி நரைத்தவன். சூடான ஈரக் காற்று குளிர்ந்த சுவரைத் தொட்டால் நீராகும் என்பது அங்கே முதல் நாள் பாடம். அது என் மூக்கு நுனியில் நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இனி மாட்டப் பயமாக இருந்தது. பவளம் மிச்ச இரவு முழுவதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நான் புரளும் ஒவ்வொரு தரமும் தோளைத் தட்டினாள்.

காலையில் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "மலருக்கு வேறை ஆளைப் பாக்கச் சொல்லட்டே?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இன்னும் ரெண்டு ராவு இருக்கு" என்றேன். அதை நான் நம்பிச் சொன்னேனா என்பது தெரியாது.

வந்த இடத்தில் அறையிலே இருந்து யோசிக்கவேண்டாம் என்று கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு ஓட்டோவில் போனோம். நகரிலிருந்து எட்டுக் கிலோமீற்றர், போய்வர ஆயிரத்து எண்ணூறு கேட்டார்கள். ஏழு சிறு கிணறுகள், எட்டிக் கையால் தொடும் ஆழம், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. காலை எட்டுக்கு முன் போனால் கூட்டமிருக்காது. பவளம் ஒவ்வொன்றிலும் வாளியால் அள்ளிக் காலில் ஊற்றிக்கொண்டே போனாள். கடைசிக் கிணற்றில் வெறும் போத்தலை எடுத்து நீட்டினாள்.

"இஞ்சாருங்கோ, உங்கடை மெசினுக்கு இதை விட்டால் என்ன? சூடாக்கத் தேவையில்லை. கரண்டும் மிச்சம்."

"உதிலை உப்பும் கல்லும் இருக்குமப்பா. தொட்டியிலை வெள்ளையாப் படியும்."

"புண்ணியமும் சேர்ந்து படியுமே" என்றாள். இரவு முழுவதும் தூங்காதவள். அவள் பகிடி விட்டதைக் கேட்டதும் என் நெஞ்சு கொஞ்சம் இலேசானது.

மத்தியானம் நிலாவெளி பஸ்ஸில் ஏறி, உப்புவெளி தாண்டிச் சாம்பல்தீவில் இறங்கினோம். மலர் காலை இரண்டு தலையணையில் தூக்கிவைத்துக்கொண்டு எங்களை வரவேற்றாள். அவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். கலியாண நாளிலிருந்து என்னைப் பகிடி பண்ணுவதை ஒரு பொறுப்பாக வைத்திருப்பவள்.

"அத்தான், நேற்று ராத்திரி மூக்காலை மழை பெய்ததாமே. வானிலை அறிக்கையிலை சொல்லேல்லையோ?"

சிரித்து முடிந்ததும் குழாயில் வெளிக்குளிர் படக்கூடாது என்பதை இருவருக்கும் விளக்கினேன். போர்வை போல ஒரு உறை வேண்டும். மலர் தன் பழைய பருத்திச் சேலையொன்றை எடுத்துத் தரச் சொன்னாள். அதை நீளமாகக் கிழித்து, இரட்டையாக மடித்து, இரண்டு பேரும் இரு முனையிலிருந்து தைத்துக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தார்கள். பாம்புச் சட்டை போல ஒரு நீல உறை. குழாயைச் செருகிப் பார்த்தோம், அளவாக இருந்தது.

அன்றிரவு துணிந்து ரஹீமிடம் போய், குளிர்சாதனத்தை இருபத்தேழில் வைக்கப்போவதாகச் சொன்னேன். "இது ஒங்கட ரூம் சேர். நூறில வேணுண்டாலும் வைங்க" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பார்க்கப் போய்விட்டார். இதற்கா ஒரு நாள் முழுவதும் தயங்கினேன். இயந்திரத்தைக் கட்டிலைவிடத் தாழ்ந்த முக்காலியில் வைத்தேன். குழாயில் நீர் சேர்ந்தாலும் மூக்குக்கு வராமல் தொட்டிக்கே திரும்பும். சூட்டை நடுப்படிக்கு இறக்கினேன். குழாயில் ஒரு துளி கூடச் சேரவில்லை. ஆனால் விடியப்புறம் வாய் திறந்து, நாக்கு காய்ந்து, முகமூடி தரையில் கிடந்தது. பவளம் எடுத்து மாட்டினாள். ஈரத்தை வென்றுவிட்டேன், வறட்சியை வெல்லவில்லை. வறட்சிக்கு மருந்து அலுமாரியின் மேல்தட்டில், வவுனியாவில் இருந்தது. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு சாம்பல்தீவு போனோம். உறையில் ஒரு தையல் விட்டிருந்தது, அதைச் சரிபண்ணத்தான். மலர் நடந்ததைக் கேட்டாள். வாய்க்குப் பட்டி இல்லையா என்றும் கேட்டாள். பவளம் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டு, "அது சரிவராது" என்றாள்.

மலருக்கு விளங்கிவிட்டது. "அக்கா, செத்த ஆளுக்குக் கட்டுற மாதிரி இருக்கெண்டுதானே? என்ரை முழங்காலுக்கை இரும்பு வைச்சிருக்கு. சுடலையிலை அது எரியாதாம். அதுக்காக இப்பவே கழட்டச் சொல்லுறதே?"

"உனக்குத் தெரியாது மலர்."

"என்ன தெரியாது?"

பவளம் நூலைக் கடித்து அறுத்தாள். "அப்பாவுக்குக் கட்டினது நான்தான். நீ அண்டைக்கு வந்து சேரேல்லை. விறைக்க முதல் கட்டவேணும் எண்டு சொல்லிச்சினம். வாய் திறந்து திறந்து போச்சுது. மூண்டு தரம் கட்டினனான்."

நாற்பத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. பட்டி அலுமாரித் தட்டுக்குப் போனது வெறும் சகுனப் பயத்தால் என்று நினைத்திருந்தேன். மலர் கையை நீட்டி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். கட்டிலிலிருந்து அவ்வளவுதான் எட்டும்.

கொஞ்ச நேரத்தில் பவளம் எழுந்து தன் கைப்பையைத் திறந்தாள். அடியிலிருந்து, மடித்து ரப்பர் போட்ட பட்டியை எடுத்தாள்.

"கொண்டு வந்தனான்" என்றாள். "எடுப்பனோ எண்டு தெரியாமல்தான் கொண்டு வந்தனான்."

மலரின் மகளுடைய அறையில் என்னைக் கதிரையில் இருத்தி, அவளே கட்டினாள். நாடிக்குக் கீழே ஒரு விரலை விட்டு இறுக்கம் பார்த்தாள். என் கன்னத்தைத் தொட்டு, சூடு இருக்கிறதா என்று பார்ப்பவள் போல உள்ளங்கையை அங்கேயே வைத்திருந்தாள். "இறுக்கமோ?" என்று கேட்டாள். நான் பல்லைத் திறக்காமல் "ம்ம்ஹும்" என்றேன்.

"வாயைக் கட்டினாலும் மூக்காலை கதைக்கிறார்" என்று மலர் அடுத்த அறையிலிருந்து சொன்னாள். பவளம் சிரிக்கத் தொடங்கி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே அறையில் இயந்திரத்தை மாட்டிப் படுத்தேன். வெளியே கச்சான் தென்னோலைகளை அடித்துக்கொண்டிருந்தது. கண் திறந்தபோது ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. நாக்கை அசைத்துப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. கதவடியில் பவளம் கதிரை போட்டு இருந்தாள். ஊன்றுகோலோடு மலரும் அவளுக்குப் பின்னால் நின்றாள். படம் பார்ப்பவர்கள் போல இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூண்டு மணித்தியாலம் அத்தான். ஒரு சத்தமில்லை. உயிரோடைதான் இருக்கிறியளோ எண்டு அக்கா ரெண்டு தரம் வந்து பாத்தவா."

பவளம் இயந்திரத்தின் தண்ணீரை ஊற்றி, குழாயை உறையோடு சுருட்டி, பெட்டிக்குள் அடுக்கினாள். பிறகு அதை என் கையில் தந்தாள். "நீங்கள் டவுணுக்குப் போங்கோ. நான் இண்டைக்கு இஞ்ச நிக்கிறன்" என்றாள்.

கடைசிப் பஸ்ஸைத் தவறவிடக்கூடாதென்று ஐந்தரைக்கே வீதிக்கு வந்துவிட்டேன். அன்றிரவு கண்ணாடியைப் பார்த்து நானே பட்டியைக் கட்டினேன். இரண்டு தரம் கோணலாக வந்தது. மூன்றாம் தரம் சரி. பிறகு விடிந்துவிட்டது. முகமூடி மூக்கிலேயே இருந்தது.

ஏழு மணிக்குப் பவளத்தின் தொலைபேசிக்கு எடுத்தேன். மலர்தான் பேசினாள்.

"அத்தான், அக்கா இன்னும் எழும்பேல்லை. எழுப்பட்டே?"

பவளம் ஏழு மணிவரை தூங்கியதாக எனக்கு நினைவில்லை. "வேண்டாம்" என்றேன். "மெல்லக் கதவைச் சாத்திவிடும், மலர்."

விறாந்தையில் கதிரையைப் போட்டு, அவள் எழும்பும்வரை இந்தப் பதிவின் குறிப்புகளை எழுதினேன். என்னைப் போல இயந்திரத்தோடு திருகோணமலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். நான் வைத்தியன் அல்ல. உங்களுக்குப் பொருந்துமா என்று உங்கள் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாயும் மூக்கும் காய்ந்தால், தண்ணீர்த் தொட்டியின் சூட்டைக் கூட்டுவதற்கு முன் வாய் திறக்கிறதா என்று பாருங்கள். கூட இருப்பவரைக் கேட்டால் தெரியும். காற்று வாயால் போகும்வரை எவ்வளவு ஈரம் சேர்த்தாலும் காணாது. பட்டி எல்லாருக்கும் ஒத்துவராது. சளியால் மூக்கு அடைத்திருக்கும் நாளில் வாயைக் கட்டவே கூடாது. சிலருக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடிதான் சரி. பட்டி எதுவானாலும் ஒரே இழுப்பில் கழற்றும்படி இருக்கவேண்டும்.

குழாயில் தண்ணீர் சேர்ந்தால் அறையின் குளிரைக் குறையுங்கள், சூட்டுப் படியை ஒன்றொன்றாக இறக்குங்கள், குழாய்க்குத் துணியுறை போடுங்கள், இயந்திரத்தைக் கட்டிலுக்குக் கீழான உயரத்தில் வையுங்கள். அறைக்காரரிடம் கேட்கக் கூச்சப்படவேண்டாம். அவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தொட்டிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும். எரிபொருள் நிலையத்தில் விற்கும் பற்றரித் தண்ணீர் வேண்டாம், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கன்னியாத் தண்ணீரும் வேண்டாம். ஆவி பிடிப்பது போலத் தைலம் விடச் சொல்லி ஆட்கள் புத்தி சொல்வார்கள். விடாதீர்கள், அது நேரே நுரையீரலுக்குப் போகும். மூக்கு காய்கிறதென்று நல்லெண்ணெயும் வைக்கவேண்டாம். தினமும் காலையில் மிச்சத் தண்ணீரை ஊற்றி, தொட்டியைக் கழுவி, நிழலில் காயவையுங்கள். இந்த ஊர் ஈரத்துக்கு மூடிவைத்தால் மணக்கத் தொடங்கும்.

இவ்வளவும் எழுதி முடித்தபோது எட்டரை தாண்டியிருந்தது. கப்பலொன்று இழுவைப் படகுக்குப் பின்னால் மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது. தொலைபேசி அடித்தது.

"ஏன் என்னை எழுப்பேல்லை?" என்றாள் பவளம். குரலில் இன்னும் நித்திரை இருந்தது.

"படுக்கட்டும் எண்டுதான்."

"வெயில் முகத்திலை அடிச்சுத்தான் எழும்பினனான். எங்கை கிடக்கிறன் எண்டே தெரியேல்லை." பிறகு கேட்டாள்: "நேற்று ஆர் கட்டினது?"

"நான்தான். கண்ணாடியைப் பாத்து."

"இறுக்கமோ?"

"இல்லை. ஆனால் நீர் கட்டின மாதிரி வராது."

அந்தப் பக்கம் மலர் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. பவளம் அவளைப் பேசாமல் இரு என்று அதட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"பத்து நாள்தானே. கவனமாப் போங்கோ."